மடிக்கணினி ஏன் மூச்சுத் திணறுகிறது?

திருப்பூரில் நிட்டிங் கம்பெனிக்குள் சென்றவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். வட்டமான பின்னல் இயந்திரத்தின் உச்சியில் ஒரு விசிறி ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். அது வேலை செய்வோருக்குக் காற்று வருவதற்காக வைத்ததன்று. நூல் ஊசிகளில் உரசி ஓடும்போது பஞ்சுத் துகள் உதிர்கிறது. அது ஊசிகளிலும் நூல் செல்லும் வழிகளிலும் அடைந்துகொள்ளாதபடி ஊதித் தள்ளுவதே அவ்விசிறியின் வேலை.

ஊதிய பஞ்சு எங்கே போகிறது? கொஞ்சம் தரையில் விழுகிறது. மீதி காற்றில் மிதந்து, கம்பெனியை ஒட்டியுள்ள வீடுகளுக்குள்ளும் நுழைகிறது. அந்த வீட்டு மேசையில் இருக்கும் மடிக்கணினிக்குள்ளும் ஒரு விசிறி உண்டு. ஆனால் அது பஞ்சை வெளியே தள்ளுவதில்லை. காற்றோடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கிறது!

"விளையாட்டு முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது சார், அப்புறம் திக்கித் திக்கி நிற்கிறது" என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விளையாட்டுக்கு மட்டுமா இந்தத் தொல்லை? டி-சர்ட்டில் அச்சடிக்கும் படத்தைக் கணினியில் வரைகிற அண்ணனுக்கும் இதே தொல்லைதான். பழசாகிவிட்டது, புதிது வாங்கு என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். வரைகலைக்கு ஏற்ற புதிய மடிக்கணினியின் விலை ஒரு பனியன் கம்பெனித் தொழிலாளியின் பல மாதச் சம்பளம். ஆகவே, வாங்குவதற்கு முன் இயற்பியலைக் கொஞ்சம் கேட்டுப் பார்ப்போமே!

வெப்பம் எங்கிருந்து வருகிறது?

கணினியின் செயலியில் பல கோடி டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவை ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் மிகச் சிறிய மின்தேக்கிகள் மின்னேற்றம் பெற்று, பின் அதை இழக்கின்றன. அந்த ஆற்றல் முழுவதும் முடிவில் வெப்பமாகிறது. இவ்வாறு செலவாகும் திறன், மின்னழுத்தத்தின் இருமடிக்கும் அதிர்வெண்ணுக்கும் நேர்விகிதத்தில் இருக்கும். வேகத்தைக் கூட்டும்போது பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. எனவே வேகம் சிறிது கூடினாலும் வெப்பம் வெகுவாகக் கூடிவிடுகிறது.

கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு சில்லில் 30 வாட் என்றால் அது சிறிய பற்றவைப்புக் கோலுக்குச் செல்லும் திறன். அதை வெளியேற்ற என்ன வழி? சில்லின்மேல் வெப்பத்தைக் கடத்தும் பசை, அதன்மேல் செம்பு வெப்பக் குழாய், குழாயின் மறுமுனையில் நெருக்கமான உலோகத் தகடுகள், அவற்றின் ஊடே காற்றைத் தள்ளும் விசிறி. வெப்பக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகிறது. குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகிச் சுவரிலுள்ள நுண்துளைகள் வழியே திரும்புகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிறதே, அதே தத்துவம்தான். அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜார்ஜ் குரோவர் 1963-இல் இத்தகைய குழாயை உருவாக்கினார்.

ஓமின் விதி இங்கே உதவுகிறது

மின்னழுத்த வேறுபாடு = மின்னோட்டம் × மின்தடை என்று படித்திருக்கிறீர்கள். ஓம் இந்த விதியை 1827-இல் வெளியிட்டபோது, வெப்பக் கடத்தல் பற்றி ஃபூரியே கூறிய கருத்துகளைத்தான் முன்மாதிரியாகக் கொண்டார். நாம் அதை மறுபடியும் வெப்பத்திற்கே கொண்டு செல்வோம்:

வெப்பநிலை வேறுபாடு = திறன் × வெப்பத்தடை

விளக்கத்திற்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். செயலி 30 வாட் செலவிடுகிறது. சுத்தமான கணினியின் வெப்பத்தடை வாட்டுக்கு 2 டிகிரி. எனவே செயலி, அறையைவிட 60 டிகிரி சூடாக இருக்கும். அறை 26 டிகிரி என்றால் செயலி 86 டிகிரி செல்சியஸ், கவலையில்லை. சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழ் அறை 38 டிகிரி என்றால் செயலி 98 டிகிரி! பல செயலிகளுக்கு 100 டிகிரியை ஒட்டியே வரம்பு. விளிம்பில் நிற்கிறோம், அல்லவா?

இப்போது பஞ்சு அடைத்து வெப்பத்தடை 3 ஆகிவிட்டதாகக் கொள்ளுங்கள். அதே 30 வாட்டுக்கு வேறுபாடு 90 டிகிரி. செயலி 128 டிகிரியை எட்ட வேண்டும். ஆனால் அது அவ்வளவு தூரம் போகாது. வரம்பை நெருங்கியவுடன் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. 100 டிகிரிக்குள் நிற்க வேண்டுமானால் அது 20 வாட்டுக்குச் சற்றுமேல்தான் செலவிடலாம். வேகம் குறைந்ததும் சூடு தணிகிறது, உடனே வேகம் ஏறுகிறது, மறுபடி சூடாகிறது. இந்த ஏற்ற இறக்கமே திரையில் திக்கலாகத் தெரிகிறது. ஆகவே இது பழுதன்று. சில்லு கருகாமல் காக்கும் தற்காப்பு.

பஞ்சு ஏன் இவ்வளவு பொல்லாதது?

சாதாரண மண் தூசியில் பெரும்பகுதி தகடுகளின் இடைவெளி வழியே காற்றோடு வெளியேறிவிடும். அந்த இடைவெளி ஏறத்தாழ 1 மில்லிமீட்டர். பஞ்சு இழையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட இராது. ஆனால் நீளமோ பல மில்லிமீட்டர். அது இரு தகடுகளின் குறுக்கே பாலம்போலப் படுத்துவிடுகிறது. அதில் அடுத்த இழை சிக்குகிறது. அதில் தூசி ஒட்டுகிறது. நாளடைவில் விசிறிக்கும் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துண்டு போன்ற படலம் உருவாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. படலத்திற்குள் தேங்கிய காற்றோ வெப்பத்தை மிக மோசமாகக் கடத்துவது. செம்பு அதைவிடச் சுமார் பதினைந்தாயிரம் மடங்கு நன்றாகக் கடத்தும்.

நோயைக் கண்டறிவது எப்படி?

எல்லா மந்தத்திற்கும் பஞ்சே காரணமன்று. மருத்துவர் நாடி பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முடிவை நோட்டில் குறித்து வையுங்கள்.

1. நேரச் சோதனை: இயக்கிய உடனே மந்தமா, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்தா? பிந்தியது என்றால் வெப்பத்தையே முதலில் சந்தேகியுங்கள். டாஸ்க் மேனேஜரில் செயலியின் கிகாஹெர்ட்ஸ் அளவு அப்போது சரிகிறதா என்றும் பாருங்கள்.

2. காற்றுச் சோதனை: விசிறி இரைகிறது, வெளிவரும் காற்றோ நலிவாக இருக்கிறது என்றால் அடைப்பு. காற்று பலமாக வந்தும் சூடில்லை, ஆனால் செயலி கொதிக்கிறது என்றால் பசை காய்ந்திருக்கலாம்.

3. மின்சாரச் சோதனை: சார்ஜர் இல்லாமல் பேட்டரியில் மட்டும் ஓடும்போது பல கணினிகள் திறனைக் குறைத்துக்கொள்ளும். குறைந்த வாட் கொண்ட மாற்றுச் சார்ஜரும் அதையே செய்யும்.

4. படப்புள்ளிச் சோதனை: திரையில் 1920 × 1080 என்றால் 20,73,600 புள்ளிகள். 1280 × 720 என்றால் 9,21,600 மட்டுமே. இப்படிக் குறைத்ததும் விளையாட்டு நன்கு வேகம் பிடித்தால், திணறியது வரைகலைச் செயலி. மாற்றமே இல்லை என்றால் காரணம் மையச் செயலியிலோ வேறிடத்திலோ இருக்கிறது.

5. நினைவகம்: தனி வரைகலைச் செயலி இல்லாத கணினிகளில், படம் வரைவதற்கும் பொது நினைவகமே பயன்படுகிறது. அங்கே ஒரே ரேம் அட்டைக்குப் பதில் இரண்டு இருந்தால் தகவல் செல்லும் பாதை இரண்டாகிறது. தனிச் செயலியும் உண்டு என்றால், விளையாட்டு அதில்தான் ஓடுகிறதா என்று அமைப்புகளில் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியதும் கூடாததும்

மடிக்கணினியை மெத்தையிலோ துணிக்கட்டின் மேலோ வைக்காதீர்கள்; அடியிலுள்ள காற்றுத் துளைகள் மூடிவிடும். மேசையில் வைத்துப் பின்புறம் சிறிது உயர்த்துங்கள். அதற்கு இரண்டு காலி நூல் கோன்கள் போதும்.

பஞ்சை எடுக்கக் கணினியைத் திறக்க வேண்டியிருக்கும். அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் விடுங்கள்; பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பெனியின் கம்ப்ரசர் காற்றை நேரே பாய்ச்சிவிடாதீர்கள்! அதில் ஈரமும் எண்ணெயும் கலந்திருக்கலாம். மேலும் அந்த வேகத்தில் சுழலும் விசிறி ஜெனரேட்டராக மாறி மின்சாரத்தைத் திருப்பி அனுப்பலாம்; அதன் தாங்கிகளும் கெடும். விசிறியின் இறக்கை சுழலாமல் பிடித்துக்கொண்டு மெல்லிய தூரிகையால் துடைப்பதே முறை. பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது. உடனே பயன்பாட்டை நிறுத்துங்கள்.

சுத்தம் செய்வதற்கு முன்பும் பின்பும் ஒரே விளையாட்டை ஒரே அறையில் இருபது நிமிடம் ஓட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை செயலியின் வேகத்தைக் குறித்து வரைபடம் வரையுங்கள். இரு கோடுகளும் பிரிந்து நின்றால், அந்தப் பஞ்சு எவ்வளவு வேகத்தை விழுங்கிக்கொண்டிருந்தது என்பது தெரியும். பிரியவில்லை என்றால் பட்டியலில் அடுத்த சோதனைக்குச் செல்லுங்கள். புதிய கணினிக்காக அப்பாவிடம் பேசுவதை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.