தொடாமலே மினுக்கும் விளக்கு

திருச்செங்கோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். எட்டாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன், ஆர்டுயினோ ஊனோ போர்டில் சுவிட்சை அழுத்தினால் எல்.இ.டி. எரிகிற மாதிரி புரோகிராம் எழுதினானாம். அழுத்தினால் எரிகிறது. கையை எடுத்த பிறகும் அது பாட்டுக்கு மினுக்குகிறது. வயர் பக்கத்தில் விரலைக் கொண்டுபோனாலே ஆட்டம் மாறுகிறது. "போர்டு பழுதா? கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம் அம்மா, போர்டு நன்றாகவே இருக்கிறது. உங்கள் மகன் பார்த்தது எனக்கு இந்தப் போர்டில் மிகவும் பிடித்த சங்கதி.

2005-ல் இத்தாலியின் இவ்ரியா என்ற ஊரிலிருந்த ஒரு வடிவமைப்புக் கல்லூரியில், மின்னணுவியல் படிக்காத வடிவமைப்பு மாணவர்களும் கையாளும்படி மாசிமோ பான்சியும் கூட்டாளிகளும் உருவாக்கியது ஆர்டுயினோ. அதே கல்லூரி மாணவர் ஹெர்னாண்டோ பாரகான் முன்னதாகச் செய்த 'வயரிங்' என்ற திட்டம் அதற்கு அடித்தளம். ஊனோ வந்தது 2010-ல். அதன் ஏடிமெகா328பி சிப்பில் புரோகிராமுக்கு 32 கிலோபைட், வேலை நினைவகத்துக்கு வெறும் 2 கிலோபைட். யு.எஸ்.பி. வயரைச் செருகுவது, 'பிளிங்க்' புரோகிராமை ஏற்றுவது எல்லாம் உங்கள் மகன் தாண்டிவிட்ட படிகள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சுவிட்சின் ஒரு முனையை 5 வோல்ட்டிலும் மறுமுனையை 2-ஆம் பின்னிலும் இணைத்திருப்பான். அழுத்தும்போது பின்னுக்கு 5 வோல்ட் கிடைக்கிறது. விட்டதும் என்ன கிடைக்கிறது? பூஜ்யம் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பூஜ்யமும் கிடைப்பதில்லை. அந்த முனை எதோடும் சேராமல் தொங்குகிறது. 3 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 'ஹை', 1.5-க்குக் கீழே இருந்தால் 'லோ' என்று சிப் நிச்சயமாகச் சொல்லும். இடையில் எப்படியும் சொல்லலாம். இன்புட்டாக வைத்த ஒரு பின் இழுக்கும் மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியரைக்கூடத் தாண்டாது. அவ்வளவு மென்மையான பின்னை ஆட்டிவைக்க, சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயலே போதும். நம் உடம்பும் அந்தச் சாயலை ஏந்திக்கொண்டிருப்பதால் விரல் நெருங்கியதும் விளக்கு பதறுகிறது. எதிலும் இணைக்காத அனலாக் பின்னைப் படித்து, ஆர்டுயினோ மென்பொருளின் சீரியல் பிளாட்டரில் வரைந்து பாருங்கள். வீட்டு மின்சாரத்தின் அலையே திரையில் நெளிவதைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஆர்டுயினோவின் மாதிரி புரோகிராம்களிலேயே, தற்செயல் எண்களுக்கான தொடக்க விதையை இப்படித் தொங்கும் பின்னிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

எங்கள் வீட்டுக் கொல்லைப் படலில் அப்பா பழைய சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைக் கட்டியிருப்பார். காற்றுக்குப் படல் ஆடாது; ஆனால் கன்றுக்குட்டி முட்டினால் திறந்துகொள்ளும். பின்னுக்கும் அப்படி ஓர் இழுவை வேண்டும். சிப்புக்குள்ளேயே 20 முதல் 50 கிலோ ஓம் வரையிலான ரெசிஸ்டர் ஒவ்வொரு பின்னுக்கும் தயாராக இருக்கிறது. 'இன்புட்' என்று எழுதிய இடத்தில் 'இன்புட் புல்அப்' என்று எழுதினால் அது பின்னை 5 வோல்ட் பக்கம் இழுத்துப் பிடிக்கும். சுவிட்சின் 5 வோல்ட் முனையைக் கழற்றி கிரவுண்டில் செருக வேண்டும். இனி அழுத்தினால் 'லோ', விட்டால் 'ஹை'. புரோகிராமில் நிபந்தனையைத் தலைகீழாக்கச் சொல்லுங்கள். விளக்கு அடங்கிவிடும்.

இதை யாரும் சொல்லிக்கொடுக்காததால் நல்ல போர்டுகள் 'பழுது' என்ற பெயரில் குப்பைக்குப் போகின்றன. இன்னொரு பக்கம், பொறியியல் மாணவர்கள் இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் ஆயத்தமாக வாங்கி, புரோகிராம் எழுதியவர் யாரென்றே தெரியாமல் மதிப்பெண் பெறுகிறார்கள். கற்றுக்கொள்வதற்கென்றே செய்யப்பட்ட பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை. விளக்கு தானாக மினுக்கியதும் 'ஏன்' என்று கேட்ட பையன், அவர்களைவிட அதிகம் படித்துவிட்டான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பள்ளி அலமாரியில் இந்தப் போர்டுகள் பூட்டிக் கிடந்தால், கண்காட்சி வரும்வரை காத்திருக்காமல் பிள்ளைகள் கையில் கொடுங்கள். சுவிட்சு, எல்.இ.டி., அதற்கொரு ரெசிஸ்டர், சில வயர் போதும். புல்அப் பற்றி முதலிலேயே சொல்லிவிடாதீர்கள். விளக்கு மினுக்குவதை அவர்களே பார்த்துக் கேட்கட்டும்.