சரிவு நிலமும் பரப்பளவும்

கேத்திர கணிதம் என்னும் பெயரே அக்கலையின் பிறப்பை உணர்த்தும். கேத்திரம் என்பது வயல், நிலம் எனப் பொருள்படும் வடசொல்லின் திரிபு. கிரேக்கர் இதற்கு இட்ட பெயரும் நில அளவை என்றே பொருள்படும். நிலத்தை அளக்கப் பிறந்த இக்கலை பள்ளியிலே கரும்பலகையளவில் நின்றுவிடுதல் கூடாது. கரும்பலகை சமதளம், மாணவன் வாழும் நிலமோ எங்கும் அவ்வாறு அமைவதன்று.

கண்டி மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்த பன்வில இதற்குத் தக்க சான்றாகும். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த அப்பகுதியில் சரிவில்லாத நிலம் அரிது. மலையகத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடியான லயன் காம்பராக்களில் வாழ்ந்து வந்தன. 2015ஆம் ஆண்டு முதலாக எழுந்த தனிவீட்டுத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்னும் அளவு வழக்குக்கு வந்தது. அவ்வளவின் பொருள் யாது?

16½ அடி பக்கமுடைய சதுரத்தின் பரப்பளவே ஒரு பேர்ச். அஃது 272¼ சதுர அடி. 160 பேர்ச் ஓர் ஏக்கர். எனவே 7 பேர்ச் என்பது 1,905¾ சதுர அடி. காம்பராவின் பரப்பளவு 120 சதுர அடியாதலின், அக்காணி ஏறக்குறைய பதினாறு காம்பராக்களுக்கு நிகராகும்.

பரப்பளவு வேறு, சுற்றளவு வேறு என்பதை மாணவர் முதலில் தெளிதல் வேண்டும். 7 பேர்ச் காணி சதுரமாயின் ஒரு பக்கம் ஏறக்குறைய 43⅔ அடி. வேலியின் நீளம் 175 அடி. மலைச்சரிவை வெட்டிச் சமன்செய்த 20 அடி அகலமான நீண்ட துண்டாயின், நீளம் 95 அடிக்குச் சற்று மேற்படும். வேலி 231 அடியாகும். காணி ஒன்றே, செலவு ஒன்றன்று.

இனிச் சரிவினை நோக்குவோம். ஒரு துண்டு நிலத்தின் அகலம் 40 அடி. சரிவின் வழியே நாடாவைப் படியவைத்து அளந்தால் நீளம் 50 அடி. மேல்முனை கீழ்முனையிலும் 30 அடி உயரத்தில் உள்ளது. 50ஐ 40ஆற் பெருக்குவோர் 2,000 சதுர அடி, அதாவது 7 பேர்ச்சுக்கு மேல் என்பர். நில அளவையாளரோ கிடைத்தூரத்தையே கொள்வர். இங்கே சரிவு செங்கோண முக்கோணியின் செம்பக்கமாகும். பைதகரசின் தேற்றப்படி 2,500இலிருந்து 900 நீங்க எஞ்சுவது 1,600; அதன் வர்க்கமூலம் 40. ஆகவே உண்மைப் பரப்பளவு 1,600 சதுர அடி. 6 பேர்ச்சுக்கும் குறைவு. இடையே மறைந்த 400 சதுர அடி மூன்று காம்பராக்களிலும் பெரிது.

கிடையளவைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. சுவர் நிலைக்குத்தாக எழுவது. வீட்டின் தளம் கிடையாக அமைவது. வரைபடமும் தட்டையானதே. சரிவின் அளவைக் கொண்டு வரையின் அயற்காணிகள் ஒன்றோடொன்று பொருந்தா.

இதனை அறிதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நாடாவைக் கிடையாக இழுத்துப் பிடித்து, அதன் கீழ்ப்புற முனையிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் குறியிடுக. அக்குறியிலிருந்து மீண்டும் அவ்வாறே படிப்படியாக இறங்குக. அத்தூரங்களைக் கூட்டக் கிடைத்தூரம் பெறப்படும். ஆசிரியர் இதனைப் பள்ளி முற்றத்துச் சரிவிலேயே செய்வித்தல் இயலும்.

காணியுறுதியில் எழுதிய எண்ணைத் தானே சரிபார்க்க வல்ல பிள்ளை ஒரு வீட்டில் இருப்பின், அவ்வீட்டார் தமக்குரிய நிலத்தின் அளவை அறியாதிரார். கேத்திர கணிதம் கற்பித்தலின் பயன் அதுவேயாம்.