சூரியத் தகடும் வருமான வரியும்

மார்ச் மாதம் நெருங்கினால் பெங்களூர்த் தமிழர்களிடையே ஒரு கேள்வி எழும்: "மாடியில் சூரிய மின்தகடு போட்ட செலவை வருமான வரியில் கழிக்கலாமா, சார்?"

முடியாது. குடியிருக்கும் வீட்டுக்கு அப்படியொரு கழிவு சட்டத்தில் இல்லை. வீட்டைப் புதுப்பிக்க வாங்கிய கடனுக்கு, பழைய வரி முறையில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ரூ.30,000 வரை வட்டியைக் கழிக்கலாம். அவ்வளவே.

பணம் கிடைப்பது வேறு வழியில். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30,000, இரண்டுக்கு ரூ.60,000, மூன்றோ அதற்கு மேலோ என்றால் ரூ.78,000 மானியம். வருமான வரியே கட்டாதவருக்கும் உண்டு!

பலர் கோட்டை விடுவது ஆள் பிடிப்பதில்தான். தெரிந்தவர், மலிவு என்று யாரிடமோ வேலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு மானியத்துக்கு அலைகிறார்கள். திட்டத்தில் பதிவு பெற்றவர்தான் பொருத்த வேண்டும். தகடும் இந்தியத் தயாரிப்பாக இருக்க வேண்டும். விண்ணப்பம் முதலில், வேலை பிறகு. மீட்டர் மாற்றி, சோதனை முடிந்த பின்னரே மானியம் வங்கிக் கணக்கில் சேரும்.

அடுக்குமாடிச் சங்கங்களின் பொது விளக்கு, லிஃப்ட், தண்ணீர் மோட்டாருக்கும் கிலோவாட்டுக்கு ரூ.18,000 உண்டு. அடுத்த சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பார்க்கலாம். வாடகைக்கு இருப்பவர் பாடுதான் பாவம், கூரை வீட்டுக்காரருடையது.