பதினைந்து கோப்பைகளும் ஒரு கோப்பையும்

சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ழான் பியாஜே, சிறுவர் சிறுமியரிடம் இரண்டு கதைகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார். சாப்பிட அழைத்ததும் ஒரு சிறுவன் கதவைத் தள்ளித் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் தட்டில் இருந்த 15 கோப்பைகள் விழுந்து நொறுங்குகின்றன. அவை அங்கிருந்தது அவனுக்குத் தெரியாது. இன்னொருவன், அம்மா இல்லாத நேரத்தில் அலமாரியில் இருந்த ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப் போகிறான். கைபட்டு ஒரே ஒரு கோப்பை உடைகிறது. யார் செய்தது பெரிய குற்றம்?

சின்னஞ்சிறுசுகளில் பலர் 15 கோப்பைகளை உடைத்தவனையே காட்டினார்கள். ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளோ ஜாமுக்குக் கை நீட்டியவனைச் சொன்னார்கள். 1932இல் வெளிவந்த நூலில் பியாஜே இதை எழுதினார். சிறு பிள்ளைகள் சேதத்தைப் பார்க்கிறார்கள், வளர்ந்த பிள்ளைகள் எண்ணத்தைப் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்ட முடிவு.

ஆனால் அந்தக் கதையிலேயே ஒரு சிக்கல் உண்டு. ஒரு பக்கம் பெரிய சேதம், மறுபக்கம் கெட்ட எண்ணம். இரண்டையும் ஒரே தராசில் போட்டால் பச்சைக் குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்?

ஜெர்மனியில் லைப்சிக் நகரின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தார் 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது. மூன்று வயதுக் குழந்தைகளின் கண் முன்னால், ஒருவர் மற்றவரின் பொருளைத் தெரியாமல் கெடுத்துவிடுகிறார். வேறொருவர் வேண்டுமென்றே கெடுக்கப் பார்க்கிறார், ஆனால் முடியவில்லை. பிறகு அவருக்கும் இன்னொரு பெரியவருக்கும் ஒரே பொருள் தேவைப்படுகிறது. குழந்தை அதை யாரிடம் கொடுக்கும்? தெரியாமல் கெடுத்தவரைக் குழந்தைகள் ஒதுக்கவில்லை. எதுவும் உடையாவிட்டாலும், கெடுக்க நினைத்தவருக்கு உதவத் தயங்கினார்கள். மூன்றே வயது!

அப்படியானால், தம்பி கைதவறி பொம்மையை உடைத்ததும், "அவனை அடிங்கம்மா" என்று அக்கா கத்துவது ஏன்? ஒரு காரணம், உடைந்தது அவளுடைய பொம்மை. சொந்த நட்டத்தில் பெரியவர்களுக்கே நிதானம் தவறுகிறதே. இன்னொரு காரணம் நாம். எவர்சில்வர் டம்ளர் கைநழுவினால் பேசாமல் எடுத்து வைக்கிறோம். புது மிக்ஸி ஜார் கைநழுவினால் வீடே அதிர்கிறது. இரண்டிலும் பிள்ளையின் கவனக்குறைவு ஒன்றுதான், விலைதான் வேறு. சேதத்துக்கு ஏற்பத் திட்டும் பெரியவர்களின் பழக்கமும் பிள்ளைகளின் தீர்ப்பில் கலந்திருப்பதைப் பியாஜேயே கவனித்திருந்தார்.

புனித பத்தாம் பத்திநாதர் 1910இல், ஏறக்குறைய ஏழு வயதைப் புத்தி விவரம் தெரியும் வயதாகக் கொண்டு, சிறுவரைப் பாவசங்கீர்த்தனத்துக்கும் புதுநன்மைக்கும் அனுமதிக்கச் சொன்னார். சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. முதல் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாரிக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி: "தெரியாம கண்ணாடிய உடைச்சிட்டேன், அதையும் சொல்லணுமா?" வேண்டாம், கண்ணே. பக்கத்து வீட்டு ஜன்னலைக் குறிபார்த்துக் கல்லெறிந்தும், குறி தப்பியவனுக்குத்தான் சொல்ல வேண்டியது இருக்கிறது.