புளியங்கொட்டையில் துளையிடும் வண்டு

பயறு மூட்டையிலும் புளியங்கொட்டைக் குவியலிலும் காணப்படும் சிறு வண்டுகளுள் பல, இலைவண்டுக் குடும்பத்தின் உட்பிரிவான விதைவண்டுகளைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 1,700 இனங்கள் அறியப்பட்டுள்ள இப்பிரிவில் பெரும்பாலானவை அவரைக் குடும்பத் தாவரங்களின் விதைக்குள்ளேயே புழுப்பருவத்தைக் கழிக்கின்றன. முன்னிறக்கைகள் குட்டையாக இருப்பதால் வயிற்றின் கடைசித் தகடு மூடப்படாமல் வெளியே தெரிவது இவற்றின் பொது அடையாளமாகும்.

இனத்தைப் பிரித்தறிய உருப்பெருக்கியின் கீழ்ப் பின்னங்கால் தொடையைப் பார்க்க வேண்டும். பச்சைப்பயற்றைத் துளைக்கும் காலோசோப்ரூக்கஸ் வண்டுகளின் தொடை மெலிந்தது. அதன் கீழ்விளிம்பில் இரண்டு கூர்முனைகளே இருக்கும். புளியங்கொட்டையையும் நிலக்கடலையையும் தாக்கும் கேரியடான் செர்ரேட்டஸ் வண்டுக்கோ தொடை மிகப் பருத்து, ஒரு பெரிய பல்லும் அதையடுத்துச் சீப்பின் பற்களைப்போல் பல சிறு பற்களும் கொண்டிருக்க, கீழ்க்கால் அத்தொடையின் வளைவுக்கு ஏற்றவாறு வளைந்திருக்கும்.

வண்டின் பெயர் தெரிந்துவிட்டால் அதன் ஓம்புத் தாவரமும், அதாவது புழு எந்தச் செடியின் விதையைத் தின்று வளர்ந்ததோ அச்செடியும், பெரும்பாலும் ஊகத்துக்கு எட்டிவிடும். கோஸ்ட்டா ரிக்காவின் இலையுதிர் காடுகளில் திரட்டிய விதைகளிலிருந்து வெளிவந்த சுமார் 110 வண்டினங்களுள் முக்கால் பங்கு ஒவ்வொன்றும் ஒரே ஒரு தாவர இனத்தின் விதையையே உண்டதாக சூழலியலாளர் டேனியல் ஜான்சென் 1980இல் எழுதினார். ஆனால் ஊகம் சான்றாகிவிடாது. பூவில் மகரந்தம் உண்ண வந்து அமர்ந்த வண்டைப் பிடித்து, அந்தப் பூவின் செடியையே ஓம்புத் தாவரமாகக் குறித்துவைத்த பழைய பதிவுகள் பலரைத் திசைதிருப்பியுள்ளன.

இவ்வகையில் கேரியடான் சற்றுக் கூடுதலாகவே ஏமாற்றவல்லது. பயறு வண்டின் புழு விதைக்குள்ளேயே கூட்டுப்புழுவாக மாறுகிறது. கேரியடான் புழுவோ முதிர்ந்ததும் பெரும்பாலும் விதையைவிட்டு வெளியேறி, ஓட்டின் மீதோ சாக்கின் அடியிலோ காகிதம் போன்ற கூட்டைப் பின்னிக்கொள்கிறது. ஆகவே ஒரு சாக்கில் கூடு ஒட்டியிருப்பதாலேயே அச்சாக்கிலுள்ள விதைதான் அதன் உணவு என்று கொள்ள இயலாது. காய்களை மரத்திலிருந்தே பறித்து, இனவாரியாகத் தனித்தனிக் கண்ணாடிக் குப்பிகளில் இட்டு, காற்று புகுமாறு துணியால் வாய்கட்டி, வண்டு வெளிவரும்வரை காத்திருப்பதே நம்பத்தக்க வழி. அத்துடன் அம்மரத்தின் இலை, பூ, காய் ஆகியவற்றை உலர்த்திச் சேமித்துவைத்தால்தான் தாவரத்தின் பெயரைப் பின்னர் எவரும் சரிபார்க்க முடியும். வண்டு சேகரிப்போர் பெரிதும் அலட்சியம் செய்வது இதனையே.

நிலக்கடலை தென்னமெரிக்கச் செடியாதலால், ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் கேரியடான் வண்டு அதனைப் பின்னாளில்தான் உணவாக ஏற்றிருக்க வேண்டும். புளி முதலிய மரங்களின் காய்களில் பெருகும் தாய்வண்டுகள், அறுவடைக்குப்பின் உலரும் கடலைக் காய்களின் ஓட்டின்மேல் முட்டையை ஒட்டிவைக்கின்றன; பொரித்த புழு ஓட்டைத் துளைத்து நேரே பருப்புக்குள் நுழைந்துவிடுகிறது.