கிடாரின் குரலை மாற்றும் இரண்டு டயோடுகள்

"சார், ஏழாயிரம் ரூபாய் இருந்தால் என் கிடாரும் கர்ஜிக்கும்" என்றான் மாணவன் ஒருவன். கும்மிடிப்பூண்டி இரும்பாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருப்பவரின் மகன் அவன். ஞாயிற்றுக்கிழமைதோறும் தேவாலயத்தில் மின்கிடார் வாசிப்பவன். காலால் மிதித்து ஒலியை மாற்றும் 'பெடல்' என்னும் சிறு பெட்டிக்காக வட்டிக்குக் கடன் வாங்க இருந்தான். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம், கடனைப் பிறகு பேசலாம் என்றேன்.

மின்கிடாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகளும் உள்ளன. தந்தி அதிர்ந்தால் சுருளின் ஊடே செல்லும் காந்தப்புலம் மாறும், மின்னழுத்தம் தூண்டப்படும். 1831-ல் பாரடே கண்டறிந்த விதிதான். வகுப்பில் கால்வனாமீட்டர் முள் அசைவதோடு நாம் அதை விட்டுவிடுகிறோம்! இப்படிக் கிடைப்பது ஏறத்தாழ 100 மில்லிவோல்ட் அலை.

இதை உள்ளது உள்ளபடி பெருக்கினால் தெளிந்த ஒலி கிடைக்கும். கர்ஜனைக்கு அலை உருக்குலைய வேண்டும். அதற்காக முதலில் ஓர் ஐ.சி.யைக் கொண்டு ஐம்பது, நூறு மடங்கு பெருக்கி, ஒரு மின்தடை வழியே அனுப்புகிறோம். அதற்கப்பால் அலையின் பாதைக்கும் தரைமுனைக்கும் இடையே இரண்டு சிலிக்கன் டயோடுகளை எதிரெதிராக இணைக்கிறோம். சிலிக்கன் டயோடு சுமார் 0.6 வோல்ட் வரை மின்னோட்டத்தை விடாது. தாண்டினால் தாராளமாக விடும். ஆகவே அந்த அளவை மீறும் முகடுகளும் அகடுகளும் வெட்டுப்படுகின்றன. மலைச்சிகரம் போலிருந்த அலை மொட்டைமாடி போலாகிறது.

தலையை வெட்டினால் ஒலி குன்றத்தானே வேண்டும்? இல்லை. சீராகத் திரும்பத் திரும்ப வரும் எந்த அலையும் பல சைன் அலைகளின் கூட்டு என்பது பூரியர் தந்த கணிதம். விளிம்பு கூர்மையாகும்போது உயர் அதிர்வெண்கள் சேர்கின்றன. 110 ஹெர்ட்ஸ் சைன் அலையை இருபுறமும் சமமாக வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் பிறக்கும். ஒரு புறத்தில் மட்டும் மேலும் ஒரு டயோடைத் தொடராகச் சேர்த்தால் சமநிலை குலைந்து 220, 440 ஆகியவையும் வரும். குரலே வேறாகிவிடும், செலவோ சில ரூபாய்தான்.

இரண்டு தந்திகளை ஒருசேர மீட்டினால் இன்னும் வேடிக்கை. 110, 165 ஆகிய இரண்டும் கலந்து, எந்தத் தந்தியிலும் இல்லாத 55 ஹெர்ட்ஸ் உறுமல் எழும். ஆறு தந்திகளையும் மீட்டினாலோ கலப்புகள் பெருகி எல்லாம் கூழாகிவிடும். 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தின் 'இளைய நிலா' கிடாரை இப்பெடல் வழியே வாசித்துப் பார்க்க வேண்டாம்!

இந்தக் கரகரப்பு ஒரு பழுதில் பிறந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், மார்ட்டி ராபின்ஸ் பாடி 1961-ல் வெளிவந்த பாடலொன்றின் ஒலிப்பதிவில் கருவி கெட்டு, கிராடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிடார் கரகரத்தது. அதை நீக்காமல் விட்டார்கள். 1962-ல் மூன்று டிரான்சிஸ்டர்களால் அதே கோளாறை வேண்டுமென்றே உண்டாக்கும் 'மேஸ்ட்ரோ' பெடல் விற்பனைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாடிஸ்பேக்ஷன்' பாடலில் பயன்படுத்திய பிறகே அதற்குக் கிராக்கி ஏற்பட்டது.

மறுவாரம் மின்ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனோம். ஐ.சி., டயோடுகள், மின்தடைகள், மின்தேக்கிகள், 9 வோல்ட் பேட்டரி எல்லாம் சேர்ந்து இருநூறு ரூபாயைத் தாண்டவில்லை. காலால் மிதிக்கும் ஸ்விட்சுதான் விலை கூட. பெட்டிக்கு வீட்டிலிருந்த அலுமினிய டிபன் டப்பா. தரைமுனையோடு இணைத்த உலோகம் வெளி மின்புலத்தை உள்ளே விடாது. பிளாஸ்டிக் டப்பா உதவாது. கடன் பேச்சு அத்தோடு நின்றது. இப்போது எதிரொலிப் பெடல் வேண்டுமாம். 0.3 நொடி கழித்து ஒலியைத் திருப்பித் தந்தால், ஐம்பது மீட்டர் தள்ளி ஒரு சுவர் இருப்பதுபோல் கேட்கும். அதற்கும் விலை மலிந்த ஐ.சி. கிடைக்கிறது.

ஒரு தொல்லை மட்டும் மிஞ்சியது. சுருள், தந்தியின் அசைவை மட்டுமா பிடிக்கிறது? அருகிலுள்ள டிரான்ஸ்பார்மர்களின் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தையும் பிடிக்கிறது. பெடல் அதையும் நூறு மடங்கு பெருக்கி முனகுகிறது. பேட்டரி இதைத் தீர்க்காது. புலத்தின் திசைக்குச் சுருளின் அச்சு செங்குத்தாகும்படி கிடாரைத் திருப்பினால் குறையும். அதனால்தான் அவன் தேவாலயத்தில் பெருக்கியை விட்டுத் தள்ளி, சற்றே ஒருக்களித்து நின்று வாசிக்கிறான்.