நீலக் கோட்டுக்குக் கீழே ஒரு நகரம்

எந்த நிலத்தில் வீடு கட்டலாம், எதில் கடையும் தொழிற்கூடமும் எழலாம், எது வயலாகவும் காடாகவும் நீடிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே வகுத்து, ஏக்கருக்கு எத்தனை வீடுகள், கட்டடம் எவ்வளவு உயரம் என்ற அடர்த்தி வரம்பையும் சேர்த்துச் சட்டமாக்குவதே நகர நிலப் பயன்பாட்டுத் திட்டம் எனப்படுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்துள்ள போல்டர் நகரம், இந்த வரம்புகளை மற்ற ஊர்களைவிட முன்னதாகவும் கடுமையாகவும் விதித்துக்கொண்டதால், அவற்றின் பலனையும் விலையையும் ஒருங்கே காட்டும் ஊராக இருக்கிறது.

1950-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் போல்டரின் மக்கள்தொகை 19,999. டென்வருக்குச் செல்லும் நெடுஞ்சாலை 1952-இல் திறக்கப்பட்டதும், மத்திய அரசின் ஆய்வுக்கூடங்களும் ஐபிஎம் போன்ற நிறுவனங்களும் அடுத்தடுத்து வந்து சேர்ந்ததும் அந்த எண்ணிக்கையை 1970-க்குள் 66,870 ஆக உயர்த்தின. வீடுகள் மலைச்சரிவில் ஏறத் தொடங்கிய அந்தக் காலத்தில், ஆல்பர்ட் பார்ட்லெட், ராபர்ட் மெக்கெல்வி என்ற இரு பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் அவர்களோடு சேர்ந்த நகரவாசிகளும் கட்டடத்தைத் தடுக்க முயலாமல் குழாயைத் தடுத்தார்கள். கடல் மட்டத்திலிருந்து 5,750 அடி உயரத்துக்கு மேல் நகராட்சி குடிநீர் வழங்காது என்ற விதி 1959-இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் நகரின் அடிப்படைச் சாசனத்திலேயே சேர்க்கப்பட்டது. ‘நீலக் கோடு’ என்று பெயர் பெற்ற அந்த எல்லை யாருடைய நிலத்தையும் பறிக்கவில்லை. மேட்டுக்குத் தண்ணீர் ஏற்றும் செலவை ஊர் சுமக்காது என்று மட்டுமே சொன்னது. தண்ணீர் வராத மனைக்கு விலை ஏது என்ற எளிய உண்மையே அதன் முழு வலிமையும். ஆயினும் தேசிய வளிமண்டல ஆய்வு மையத்துக்கு மேட்டில் இடம் தேவைப்பட்டபோது, அதே வாக்காளர்கள் 1961-இல் அதற்கு விலக்கு அளித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

தண்ணீரை மறுத்து மேட்டைக் காக்கலாம், சமவெளியைக் காக்க முடியாது என்பதால், அடுத்த வழியாக நிலத்தையே விலைக்கு வாங்க ஊர் முன்வந்தது. திறந்தவெளி நிலம் வாங்குவதற்கென்றே 1967-இல் வாக்காளர்கள் தங்கள்மீது விற்பனை வரி விதித்துக்கொண்டார்கள். இன்று 45,000 ஏக்கருக்கு மேற்பட்ட புல்வெளியும் காடும் விளைநிலமும் நகரைச் சூழ்ந்த பச்சை வளையமாக அவ்வாறு காக்கப்படுகின்றன. 1971-இல் கட்டட உயரத்துக்கு 55 அடி என்ற உச்சவரம்பு வந்தது. 1976-இல், நகரமன்ற உறுப்பினர் பால் டேனிஷின் பெயரால் அறியப்படும் திட்டம், புதிய வீடுகளின் பெருக்கத்தை ஆண்டுக்குச் சுமார் இரண்டு விழுக்காட்டுக்குள் அடக்கி, அனுமதி கேட்போரைத் தகுதி மதிப்பெண் அடிப்படையில் வரிசைப்படுத்தியது.

அகலத்தையும் உயரத்தையும் வேகத்தையும் இவ்வாறு கட்டிய திட்டம், வேலைவாய்ப்பைக் கட்டவில்லை. சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது. டேனிஷ் திட்டத்தின் வரம்பு வீடுகளுக்கு மட்டுமே பொருந்தியதால் அலுவலகங்களும் ஆய்வுக்கூடங்களும் பெருகின, அங்கே பணிபுரிய வந்தவர்களுக்கு வீடு பெருகவில்லை. விளிம்பில் நிலம் விரியாது எனில் உள்ளே அடர்த்தி கூடியாக வேண்டும். ஆனால் குடியிருப்புப் பகுதிகளில் பெரும்பங்கு, 7,000 சதுர அடிக்குக் குறையாத, அதாவது ஏறத்தாழ 16 சென்ட் மனையில் ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற விதிக்குள்ளேயே நெடுங்காலம் நின்றது. விளைவாக, 2020-இல் 1,08,250 பேர் வாழ்ந்த நகரில் சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,600 பேரே இருந்தனர். தமிழ்நாட்டு நகரங்களின் கண்ணுக்கு இது நெருக்கமாகவே தோன்றாது. தனி வீட்டின் நடுத்தர விலையோ பத்து லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. உள்ளே இடம் பெறாத அடர்த்தி மறைந்துபோகவில்லை. பச்சை வளையத்தைத் தாண்டி லாங்மாண்ட், லாஃபயெட் முதலிய அண்டை ஊர்களில் குடியேறி, அங்கிருந்து காலைதோறும் காரேறி வேலைக்கு வருகிறது.

இதைச் சரிசெய்ய எடுக்கப்பட்ட முயற்சிகள் தயங்கித் தயங்கியே நடந்தன. புதிய குடியிருப்புத் திட்டங்கள் தம் வீடுகளில் ஐந்தில் ஒரு பங்கை எளியோர் வாங்கத்தக்க விலையில் நிரந்தரமாக ஒதுக்க வேண்டும், இல்லையேல் ஈடாகத் தொகையோ நிலமோ தர வேண்டும் என்ற விதி 2000-இல் வந்து, பின்னர் நான்கில் ஒரு பங்காக உயர்த்தப்பட்டது. உறவினரல்லாத மூவருக்கு மேல் ஒரே வீட்டில் வாழக் கூடாது என்று பெரும்பாலான பகுதிகளில் இருந்த கட்டுப்பாடு, மாணவர்கள் நிறைந்த ஊரில் எவ்வளவு மீறப்பட்டிருக்கும் என்பது ஊகிக்கத்தக்கதே. அது 2023-இல் ஐவராகத் தளர்ந்தது, அடுத்த ஆண்டே மாநிலச் சட்டம் அத்தகைய உறவுமுறைக் கட்டுப்பாடுகளை நீக்கியது.

நகரும் அதைச் சூழ்ந்த மாவட்டமும் சேர்ந்து பேணும் முழுமைத் திட்டம், நிலத்தை மூன்றாகப் பிரிக்கிறது: ஏற்கெனவே நகருக்குள் இருப்பது, இனி நகருடன் இணைக்கத்தக்கது, ஊரகமாகவே விடப்படுவது. மூன்றாவதன் ஒரு பகுதியாக, நகரின் வடக்கே ஏறத்தாழ 500 ஏக்கர், பிற்காலத் தேவைக்கென எந்தப் பயனுக்கும் உறுதி செய்யப்படாமல் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது. அங்கே குடிநீர்க் குழாய் போக வேண்டுமானால் நகரமன்றம், நகரத் திட்டக் குழு, மாவட்ட ஆணையர்கள், மாவட்டத் திட்டக் குழு ஆகிய நான்கு அமைப்புகளும் இசைய வேண்டும்.